கரையோரத்தில் மீன் தேடுவோம்

எங்கள் உடப்புசல்லாவைக்குக் கடல்மீன் ஐஸ் பெட்டியில் மலையேறி வருகிறது. தூரத்தோடு விலையும் ஏறிவிடுகிறது. ஆனால் மலையிறங்கி மகாவலிப் பக்கம் போனால், 1986 இல் கட்டி முடிக்கப்பட்ட ரந்தெனிகல நீர்த்தேக்கத்தில் அன்றன்று பிடித்த திலாப்பியா கிடைக்கும். அங்கே என் மாமா தூண்டில் போடும்போது பார்த்ததையும், உயர்தர உயிரியலில் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

மலைநாட்டுக்கு வெளிநாட்டு மீன் புதிதல்ல. 1882 இல் ஆங்கிலேயர் நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டது பொழுதுபோக்குக்காக. 1952 இல் ஆபிரிக்கத் திலாப்பியா இலங்கைக்கு வந்தது உணவுக்காக. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த ஓடுநீர் வேண்டும். திலாப்பியாவுக்கு இளஞ்சூடான தேங்குநீர் வேண்டும். ஆகவே அது தாழ்வான நீர்த்தேக்கங்களில் நன்கு பெருகியது.

திலாப்பியாவைப் பிடிக்க நடுநீருக்குப் போக வேண்டியதில்லை. வெயில் படும் ஆழமற்ற கரையில்தான் பாசி வளரும். அதுவே அதன் முக்கிய உணவு. நீரில் மூழ்கிய மரக்கட்டை, கற்பாறை, புல் ஆகியவற்றின் அருகே தேடுங்கள். அங்கே உணவும் உண்டு, ஒளிந்துகொள்ள இடமும் உண்டு. குளிரான காலையைவிட வெயில் ஏறிய பின் மீன் சுறுசுறுப்பாக இரையெடுக்கும்.

ஒரு மூங்கில் கம்பு, நைலோன் நூல், தக்கை, சிறிய ஈயக்குண்டு, சிறிய தூண்டில் முள் போதும். அதன் வாய் சிறியது; பெரிய முள் உதவாது. இரைக்கு மண்புழு அல்லது பிசைந்த பாண் உருண்டை. இரை தரைக்குச் சற்று மேலே நிற்குமாறு தக்கையைக் கட்ட வேண்டும். கரையில் ஓடியாடக் கூடாது. மீனின் இரு பக்கங்களிலும் உள்ள பக்கக்கோடு நீரின் சிறு அதிர்வையும் உணர்ந்துவிடும்.

இனி முக்கியமான விடயம். அதே ஆழமற்ற கரைதான் இம்மீனின் தொட்டில். ஆண் மீன் மண்ணில் கிண்ணம்போல் குழி தோண்டும். பெண் மீன் அதில் இட்ட முட்டைகளை வாயில் எடுத்து அடைகாக்கும். குஞ்சுகள் வெளிவந்த பின்னரும், ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள்ளேயே ஓடி ஒளியும். அந்நாட்களில் தாய் பெரும்பாலும் இரையெடுப்பதில்லை. ஆகவே தூண்டிலில் அகப்படுவது குறைவு. சிறுகண் வலையோ தாயையும் குஞ்சையும் சேர்த்தே வாரிவிடும்.

எனவே குழிகள் தெரியும் இடத்தில் தூண்டில் போடாதீர்கள். சிறிய மீன் சிக்கினால் கையை நனைத்துப் பிடித்து, நீரிலேயே விட்டுவிடுங்கள். மின்சாரத்துக்காக நீர் திறக்கப்படும் நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் மாறும், கரைச்சேறு வழுக்கும். பெரியவர் துணையின்றிச் செல்லக் கூடாது. அங்குள்ள மீனவர்களிடம் விதிகளையும் கேட்டறிய வேண்டும்.

வீண்விரயம் கூடாது என்று வீட்டில் சோற்றுக்குச் சொல்லித் தருகிறார்கள். அது நீரிலுள்ள மீனுக்கும் பொருந்தும். இன்றைய கறிக்குத் தேவையானதை மட்டும் எடுத்தால், அடுத்த வருடமும் அந்தக் கரையில் மீன் இருக்கும்.