தொலைந்த கைத்தொலைபேசியும் அழித்த ஒரு வரியும்



வீபிஎன் என்பது நமது கைத்தொலைபேசிக்கும், நாம் வாடகைக்கு எடுத்த வழங்கிக் கணனிக்கும் இடையே அமையும் பூட்டிய பாதை. பொது வைஃபையில் இருப்பவர் அதனுள் எட்டிப்பார்க்க முடியாது.

இதற்கான வயர்கார்ட் மென்பொருள் 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 பதிப்புடன் இணைக்கப்பட்டது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி. வழங்கியின் பட்டியலில் பொதுச் சாவி இருப்பவருக்கே அனுமதி.

இவற்றைக் கையால் அமைத்த பிள்ளை வேலைக்காக வேறு நகரம் போனால், வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆகவே 2012இல் வெளிவந்த அன்சிபிள் உதவுகிறது. மென்பொருளை நிறுவு, 51820 யூடிபி வாயிலைத் திற, அம்மா, அப்பா, தங்கையின் பொதுச் சாவிகளைப் பதி என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அதுவே வழங்கிக்குள் சென்று செய்து முடிக்கும். வழங்கி பழுதானால், புதியதிலும் அதே கோப்பை இயக்கலாம். தங்கையின் கைத்தொலைபேசி தொலைந்ததா? அவருடைய வரியை அழித்து மீண்டும் இயக்குங்கள். அந்தக் கருவிக்குக் கதவு அடைபடும். இரகசியச் சாவிகளை மட்டும் வெளிப்படையாக எழுதாமல், அன்சிபிள் வால்ட்டில் பூட்டிவையுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். வீபிஎன் பாதையைத்தான் காக்கும், கருவியை அல்ல. ஊரிலுள்ள உறவுகளின் படங்களும் இலக்கங்களும் கைத்தொலைபேசியில் இருந்தால், அதைத் திறப்பவர் கையில் அவையும் சேரும். திரைப்பூட்டு அவசியம். சில நாடுகளில் வீபிஎன்னுக்குக் கட்டுப்பாடு உண்டு. பயணத்துக்கு முன் விசாரியுங்கள்.