நாய்க்கு வாசித்துக் காட்டும் குழந்தை

கூச்ச சுபாவமுள்ள குழந்தையிடம் நாம் வழக்கமாகச் சொல்வது, 'வாயைத் திறந்து பேசு' என்பதுதான். கேட்பவர் தன்னை எடைபோடுகிறார் என்ற அச்சமே அக்குழந்தையின் தயக்கத்துக்குக் காரணம். அந்த எடைபோடலை நாலு பேர் முன்னிலையில் உரக்கச் செய்துவிட்டு, தயக்கம் நீங்கவில்லையே என்று வருந்துகிறோம்.

இந்த முடிச்சு தற்செயலாக அவிழ்ந்த இடம் நியூயார்க். குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சனிடம், எவரோடும் ஒட்டாத சிறுவன் ஒருவனைக் குறித்த நேரத்துக்கு முன்பே பெற்றோர் அழைத்து வந்துவிட்டனர். அறையில் இருந்த அவரது நாய் ஜிங்கிள்ஸ், சிறுவனிடம் ஓடிச்சென்று நக்கியது. அவன் அஞ்சவில்லை, தடவிக்கொடுத்தான். அடுத்தடுத்த வருகைகளில் நாயோடு விளையாடியவன், மெல்ல உளவியலாளரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டான். நாயைத் துணைச் சிகிச்சையாளர் எனக் குறிப்பிட்டு 1962-இல் லெவின்சன் கட்டுரை வெளியிட்டார். கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று சக அறிஞர்கள் சிலர் கேலி செய்தார்களாம். பொருளியல் படித்த எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது!

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-இல், பழக்கப்படுத்தப்பட்ட நாய்களுக்குக் குழந்தைகள் புத்தகம் வாசித்துக் காட்டும் திட்டம் தொடங்கியது. நாய் உச்சரிப்பைத் திருத்தாது, சிரிக்காது, அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாது. அதற்கும் மேலாக, குழந்தை 'உட்கார்' என்றால் உட்காரும். தன் சொல்லுக்கு உலகில் ஒரு விளைவு உண்டு என்பதைச் சில குழந்தைகள் முதன்முதலாக அறிவது அப்போதுதான்.

இதற்கு உயர்சாதி நாய் தேவையில்லை. தமிழக அரசு 2011-இல் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றின் வரவு செலவை அறியச் சில கிராமங்களுக்குச் சென்றிருக்கிறேன். ஒரு வீட்டில் கணக்குக் கேட்டபோது, 'அதையெல்லாம் பாப்பாகிட்டதான் கேக்கணும்' என்றார் தாய். கதவுக்குப் பின்னால் நின்ற சிறுமி, பெயரைக் கேட்டபோது பதில் சொல்லாதவள், எந்த ஆடு எப்போது குட்டி போட்டது, எது தழை தின்ன மறுக்கிறது என்று கால்மணி நேரம் விளக்கினாள். அதைப் பதிய எங்கள் வினாத்தாளில் கட்டம் இல்லை.

விலங்கைக் கண்டு மிரளும் குழந்தையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போடுவதும், இரு தரப்பையும் கண்காணிப்பதும் பெரியவர்களின் பொறுப்பு. பிள்ளையின் தலையில் கட்டிவிட முடியாது.

ஆட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. குடும்பத்துக்கு அது சேமிப்பு. கல்விக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால் விற்றே ஆகவேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போன நேரம் பார்த்து வியாபாரியை வரவழைப்பது பல வீடுகளின் வழக்கம். அழுகையைத் தவிர்ப்பதே நோக்கம் என்றாலும், மாலையில் வெறும் முளைக்குச்சியைக் காணும் குழந்தை, தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையே நினைவில் வைத்திருக்கும். விலை பேசும்போது அதையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்; ஆட்டின் வயதும் எடையும் அதற்குத்தான் சரியாகத் தெரியும்.