பூட்டுக்கு அடங்காத திருடன்!

திண்டுக்கல் பூட்டு பெயர் போனது. 2019-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டைப் போட்டால் திருடன் வரமாட்டான்.

ஆனால், கொசு வரும்!

வண்டிக் கொட்டகையைத் திறந்து பாருங்கள். பழைய டயர், உடைந்த வாளி, பெயிண்டு டப்பா... எல்லாம் "எதற்காவது உதவும்" என்று போட்டு வைத்தவை.

கூரை ஒழுகித் தண்ணீர் தேங்கினால், அதில் டெங்கு கொசு முட்டையிடும். சுமார் 10 நாளில் புதுக் கொசு பறக்கும். தண்ணீர் வற்றினாலும், ஒட்டிய முட்டை பல மாதம் சாகாது!

ஐப்பசி மழைக்கு முன்பே கொட்டகையைக் காலி செய்யுங்கள். உதவாததைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள். வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். டயரைப் போகியில் கொளுத்தாதீர்கள். அதன் புகை நஞ்சு!

பிறகு பூட்டுங்கள்.