இணையத்தில் திரட்டும் விளைபொருள் விலை: தனி வியாபாரியின் உரிமைகளும் எச்சரிக்கைகளும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டை போன்ற பேரூர்களில், மணிலா எனப்படும் நிலக்கடலை, எள், உளுந்து ஆகியவற்றைக் களத்திலேயே வாங்கி ஆலைகளுக்கும் பெரிய மண்டிகளுக்கும் அனுப்பும் தனி வியாபாரிக்கு, விலைத் தகவல்தான் முதலுக்கு அடுத்த முதல். முன்பு தரகர் வழியாகவும் செய்தித்தாள் வழியாகவும் வந்த அத்தகவல் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது என்றாலும், எந்தச் சரக்கு, எந்த எடை, எந்த நாள், எந்தச் சந்தை, வெளியிட்டவர் யார் என்ற ஐந்தும் தெரியாத எண்ணை விலை என்று கொள்வதற்கில்லை. இணைய விலையால் ஏற்படும் நட்டங்களில் பல, இந்த ஐந்தில் ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வருபவை.

அரசு விலை பிறக்கும் இடம்

தமிழகத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு அடிப்படை 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம். அதன்கீழ் 1936இல் திருப்பூரில் பருத்திக்காக ஒரு கூடம் தொடங்கப்பட்டது. இன்று இக்கூடங்கள் 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை (ஒழுங்குபடுத்துதல்) சட்டப்படி, மாவட்ட விற்பனைக்குழுக்களின் பொறுப்பில் நடைபெறுகின்றன. விருத்தாசலத்தில் உள்ள கூடமும் அவ்வகையைச் சேர்ந்ததே. வியாபாரிகள் ஒருவர் கேட்ட விலை மற்றவருக்குத் தெரியாதபடி எழுதிக் கொடுத்து, அதிக விலை குறித்தவருக்குச் சரக்கு செல்லும் மறைமுக ஏலமே இக்கூடங்களின் வழக்கமான முறை.

அந்த ஏல விலைகள் 2000ஆம் ஆண்டு ஒன்றிய வேளாண் அமைச்சகம் தொடங்கிய அக்மார்க்நெட் தளத்திலும், 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தையிலும், 2018இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயினும் விலையைத் தளத்தில் பதிபவர்கள் அந்தந்தச் சந்தையின் அலுவலர்களே ஆதலால், பதிவு தாமதமாகும் நாளும் விடுபடும் நாளும் உண்டு. எனவே விலைக்கு முன்னர் தேதியைப் பார்ப்பதே முறை.

எண்ணைப் படிக்கும் முறை

அக்மார்க்நெட் ஒரு பொருளுக்கு மூன்று விலைகளைத் தருகிறது: அன்றைய குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை, சரக்கில் பெரும்பகுதி கைமாறிய விலை. வாங்குவதற்கான கணக்கை மூன்றாவதை வைத்தே போட வேண்டும். ஏனெனில் அதிகபட்ச விலை, நன்கு காய்ந்து திரண்ட ஒரே ஒரு குவியலுக்கு மட்டும் கிடைத்ததாக இருக்கலாம்.

அடுத்தது எடை. தளங்கள் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு விலை சொல்கின்றன; கடலூர், விழுப்புரம் வட்டாரப் பேச்சிலோ மணிலா 80 கிலோ மூட்டையாகவும் நெல் 75 கிலோ மூட்டையாகவும் பேசப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 2025–26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த நிலக்கடலையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய்; அதை 0.8ஆல் பெருக்கினால் 80 கிலோ மூட்டைக்கு 5,810 ரூபாய் 40 காசு வரும். இக்கணக்கைச் செய்யாமல் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் மூட்டைக்கு 1,450 ரூபாய்க்கு மேல் பிழை நேரும். அத்துடன், ஆதரவு விலை தோலுடன் கூடிய காய்க்கு உரியது. உடைத்த பருப்பின் விலை அதைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. காயா பருப்பா என்று குறிக்காமல் வெறுமனே ‘மணிலா’ என்று பகிரப்படும் விலைச்செய்தி இதனால் பயனற்றதாகிறது. ஈரப்பதத்துக்கான கழிவு, சாக்கு, எடைக்கூலி, வண்டி வாடகை ஆகியவற்றைக் கழித்த பின்னர் நிற்கும் தொகையே வியாபாரி ஒப்பிட வேண்டிய விலை.

தகவலை எடுக்கும் உரிமை

விலையைப் பார்ப்பதும், அதை நிரல் கொண்டு மொத்தமாகத் திரட்டிச் சேமிப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. அரசுத் தரவைப் பொறுத்தவரை வழி திறந்தே இருக்கிறது: 2012இல் ஒன்றிய அரசு தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றை அறிவித்து, திறந்தநிலை அரசுத் தரவுத் தளத்தையும் தொடங்கியது; 2017இல் வெளியான அரசுத் திறந்த தரவு உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டு, வணிக நோக்கத்துக்கும் அத்தரவைப் பயன்படுத்த இடமளிக்கிறது. அத்தளத்தில் பதிவு செய்து திறவுகோல் எண் பெற்றவர், ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் முறைப்படி தகவல் கேட்டுப் பெறும் வாயிலாகிய ஏ.பி.ஐ. மூலம், நாட்டின் பல சந்தைகளின் தினசரி விலையைத் தம் கணக்கு அட்டவணைக்கே கொண்டுவரலாம்.

தனியார் தளங்களின் நிலை வேறு. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினித் தரவுத்தளத்திலிருந்து தகவலைப் பதிவிறக்குவதோ பிரித்தெடுப்பதோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்படி இழப்பீடு கோரத்தக்க செயல். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆகையால் கட்டணச் சேவையின் விலைகளைப் படியெடுத்துக் குழுக்களில் விற்பதும், இலவசமாகப் பகிர்வதும்கூட, அச்சேவையின் பயன்பாட்டு நிபந்தனையைப் படித்த பின்னரே எண்ணத்தக்க செயல்.

ஏமாற்றம் நுழையும் வழிகள்

பண்டகச் சந்தைகளில் காட்டப்படும் முன்பேர விலை, குறித்த தரமுள்ள சரக்கைக் குறித்த மையத்தில் எதிர்காலத்தில் ஒப்படைப்பதற்கான விலை. அது உள்ளூர் நடப்பு விலை அன்று. மஞ்சளின் முன்பேர ஒப்பந்தத்துக்கு அடிப்படை மையம் தெலங்கானாவின் நிஜாமாபாத் ஆதலால், அவ்விலையை ஈரோட்டு மண்டிக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நேரலை விலை தருவதாகத் தொடங்கிப் பணம் கேட்பதில் முடியும் போலிச் செயலிகளும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களும் ஆகும். துவரை, உளுந்து முன்பேர வணிகம் 2007 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது; பாசுமதி அல்லாத நெல், கொண்டைக்கடலை, பாசிப்பயறு உள்ளிட்ட ஏழு பொருள்களின் முன்பேரத்தைப் பங்கு, பண்டகச் சந்தைகளின் ஒழுங்குமுறை அமைப்பாகிய செபி 2021 டிசம்பரில் நிறுத்தி, அத்தடையைப் பலமுறை நீட்டித்தது. இவ்வகைப் பொருளுக்கு முன்பேரக் கணக்கு தொடங்கச் சொல்லும் செயலியைச் செபியின் சுற்றறிக்கையோடு ஒப்பிடாமல் நம்பலாகாது. சந்தைக்கு வெளியே, ஏட்டளவில் மட்டும் வரவுசெலவு பார்க்கும் ‘டப்பா’ வணிகம் குற்றமாகும். 1956ஆம் ஆண்டின் பங்கு ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குப் பத்தாண்டு வரை சிறையோ 25 கோடி ரூபாய் வரை அபராதமோ விதிக்க வழிசெய்கிறது. அவ்வணிகத்தில் பணத்தை இழந்தவருக்குப் பண்டகச் சந்தையின் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

தீர்வுகள்

விலை பதியப்படாமலோ தவறாகவோ இருந்தால் விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடமும், பின்னர் மாவட்ட விற்பனைக்குழுச் செயலாளரிடமும் எழுத்து மூலம் முறையிடலாம். ஒரு நாளின் வரத்தும் ஏல விலையும் தேவையெனில், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு உரிமை உண்டு.

செபியிடம் பதிவு பெற்ற தரகு நிறுவனத்தின் மீதான புகாரை முதலில் அந்நிறுவனத்திடமும், தீராவிட்டால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்திலும் அளிக்கலாம். நிறுவனம் 21 நாளுக்குள் தன் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். பதிவே இல்லாத போலிச் செயலியிடம் பணம் போயிருந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிய வேண்டும்; பணம் பல கணக்குகளுக்குச் சிதறும் முன் தகவல் சென்றால்தான் வங்கிகளால் அதை முடக்க இயலும். பரிமாற்ற எண், திரைப்பிடிப்பு, உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது வழக்குக்கு வலு சேர்க்கும்.

இவை அனைத்தும் நட்டத்துக்குப் பிந்திய வழிகள். முந்திய வழி எளிது: குறைந்தது இரண்டு மூலங்களில் ஒரே நாள், ஒரே எடை, ஒரே தரத்துக்கு விலையை ஒத்துப் பார்த்து, ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடை கிடைக்காத விலையை நம்பி எவருக்கும் முன்பணம் கொடுக்காதிருப்பது.