பஸ் ஏறினான், பரிசு வாங்கினான்: நடுவில் என்ன நடந்தது?

படிவம் ஐந்து மாணவன் ஒருவனின் சிறுகதையைத் திருத்திக்கிட்டு இருந்தேன். கதைநாயகன் ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்து எழுதி எழுதி அனுப்புகிறான், ஒன்றும் அச்சாகவில்லை. பட்டர்வொர்த்தில் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறுகிறான். அடுத்த பத்தியிலேயே மேடை, மாலை, பொன்னாடை!

"நடுவில என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"கேஎல் போனா சான்ஸ் கிடைக்கும்தானே, டீச்சர்? எஸ்.பி.எம். முடிஞ்சதும் நானும் போகலாம்னுதான் இருக்கேன்."

கதைக்குப் புள்ளி போட்டுவிடலாம். இதற்கு என்ன சொல்வது? அடுத்த பாடவேளைக்கு ஜெயகாந்தனின் வாழ்க்கையைக் கொண்டு போனேன்.

1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. விழுப்புரத்தில் மாமாவிடம் இருந்தபோது பாரதியும் பொதுவுடைமையும் அறிமுகம். பன்னிரண்டு வயதளவில் சென்னைக்கு வந்து, கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூனில் சேர்ந்தார். கம்யூன் என்றால் தோழர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிடும் இடம் என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். ஜீவா போன்ற தலைவர்களின் பேச்சு தினமும் காதில் விழும் இடம் அது. அச்சகத்தில் வேலை: அச்சுக்கோர்ப்பது, புரூஃப் பார்ப்பது. பள்ளியை விட்டவருக்கு அதுவே பள்ளி. (ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிறவனுக்கு வலிமிகும் இடம் கைவிரலுக்கே தெரிந்துவிடும். நாம் அதற்கு எத்தனை பயிற்றி தயாரிக்கிறோம்!)

அதன் பிறகும் நேர்கோடாகப் போகவில்லை. கட்சிக்குத் தடை வந்த காலத்தில் தஞ்சாவூரில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தார். மறுபடி சென்னை. 1950களில் 'சரஸ்வதி' போன்ற சிற்றிதழ்கள்; 1960களில் 'ஆனந்த விகடன்', அதோடு பெரும் வாசகர் கூட்டம். 1966இல் விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது. ஊரைவிட்டு வந்து ஏறக்குறைய 26 ஆண்டுகள்! 2002க்கான ஞானபீடம் வந்தபோது அகிலனுக்கு அடுத்து அதைப் பெறும் இரண்டாவது தமிழ் எழுத்தாளர் ஆனார்.

பத்திரிகைகள் சென்னையில் இருந்ததால் மட்டும் அவர் முன்னுக்கு வந்துவிடவில்லை. குடிசை, நடைபாதை, ரிக்‌ஷாக்காரர் என்று யாரும் கதைக்குள் கொண்டுவரத் தயங்கிய மனிதர்களோடு அவர் பழகினார். அவர்கள் பேச்சையே எழுதினார். 'உன்னைப்போல் ஒருவன்' ஒரு குடிசைப் பகுதிச் சிறுவனின் கதை. அதை அவரே படமாக இயக்கி, தேசிய விருதும் கிடைத்தது. நகரம் அவருக்குக் கதையையும் கொடுத்தது என்பதுதான் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொன்னது.

எல்லாருக்கும் அப்படி அமையாது என்பதையும் மறைக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து புதுமைப்பித்தனும் இதே சென்னைக்குத்தான் வந்தார். 'மணிக்கொடி'யில் எழுதினார், 'தினமணி'யில் வேலை பார்த்தார். பேர் கிடைத்தது, காசு நிற்கவில்லை. 1948இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 42. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

பிறகு கதையை நடுவிலிருந்து எழுதச் சொன்னேன். அவன் எங்கே தூங்குகிறான்? சோற்றுக்கு என்ன வேலை? எழுதியதை முதலில் படிப்பது யார்? புதிதாக யாரைப் பார்க்கிறான்? நீங்களும் உங்கள் வகுப்பில் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தன்கதை, சிறுகதை இரண்டுக்கும் கைகொடுக்கும்.

நம்ம மாணவனின் கதைநாயகன் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அச்சுக் கடையில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறான். நான்கு பக்கம் ஆகிவிட்டது. பரிசு எப்போது என்று கேட்டேன்.

"இருங்க டீச்சர், இன்னும் ரூம் வாடகையே கட்டி முடியல."