சவரம் செய்த பின் முகம் எரிகிறதா? சவர்க்காரத்தையும் தண்ணீரையும் அறிந்து தெரிவோம்

சவரம் செய்து முகத்தைக் கழுவித் துடைத்து ஐந்து நிமிடம் சென்ற பின் தோல் எப்படி இருக்கிறது என்பதைக் கவனித்தால், நாம் பாவித்த சவர்க்காரம் நல்லதா கூடாததா என்பது தெரிந்துவிடும். தோல் இழுத்துப் பிடித்தாற் போல இருந்தாலோ, கழுத்துப் பக்கம் எரிந்தாலோ, மாலையில் சிறு பருக்கள் கிளம்பினாலோ எங்கோ தவறு இருக்கிறது. தோல் மிருதுவாகவும் சாதாரணமாகவும் இருந்தால் அதுவே நல்ல சவரம். வாசனையும் விலையும் இதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

வயலில் நிற்பவருக்கு இது அழகு பற்றிய விடயம் மட்டுமல்ல. எரியும் தோலில் வியர்வை பட்டால் மேலும் எரியும். சொறிந்தால் புண்ணாகும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி வெட்டுக் காயங்கள், சிராய்ப்புகள், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாக உடலினுட் புகக் கூடியது. சேற்றுநீர் முகத்தில் தெறிக்கும் உழவு காலத்தில் முகத்தில் புதிய வெட்டுக்கள் இல்லாதிருப்பது ஒரு பாதுகாப்பாகும்.

இடம் மாறினால் தண்ணீரும் மாறும்

2006 இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல. அவர்களில் ஒரு பகுதியினர் 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே சம்பூருக்குத் திரும்ப முடிந்தது. இடம்பெயர்ந்தவர் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு தண்ணீரைப் பாவிக்க வேண்டியிருக்கிறது. பவுசரில் வரும் தண்ணீர், குழாய்க் கிணற்றுத் தண்ணீர், கடலோர மணற் கிணற்றுத் தண்ணீர், கந்தளாய்க் குளத்திலிருந்து திருகோணமலை நகருக்கு வரும் குழாய்த் தண்ணீர் என இவை ஒன்றுபோல் இருப்பதில்லை. முன்னர் நன்றாக நுரைத்த அதே சவர்க்காரம் புதிய இடத்தில் நுரைக்காமற் போவதற்குக் காரணம் இதுவே.

கல்சியம், மக்னீசியம் ஆகிய உப்புக்கள் அதிகமாகக் கரைந்துள்ள தண்ணீரை வன்னீர் என்கிறோம். இவை சவர்க்காரத்துடன் சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாக மாறுகின்றன. வாளியின் ஓரத்திற் படியும் அழுக்கு வளையம் இந்தக் கசடுதான். அதுவே முகத்திலும் படிகிறது. நுரை குறைவதால் பிளேட் வழுக்காமல் தோலைச் சுரண்டுகிறது. கசடு தோலில் தங்குவதாற் சொறியும் வறட்சியும் உண்டாகின்றன.

உங்கள் கிணற்றை நீங்களே சோதிக்கலாம். ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒன்றிற் கிணற்றுத் தண்ணீரையும் மற்றதிற் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரையும் சம அளவில் விடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டு மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை உயர்ந்து நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் நுரை குறைந்து, தண்ணீர் பால் போலக் கலங்கி, மேலே கசடு மிதந்தால் அது வன்னீர். அப்படியானால் விலை கூடிய சவர்க்காரம் வாங்குவதற்கு முன், சவரத்திற்கு மட்டும் மழைத் தண்ணீரைச் சேமித்து வையுங்கள். ஒரு சவரத்திற்கு இரண்டு கோப்பை போதும். வாடைக் காற்றோடு வரும் மாரி மழையில் மூடியுள்ள ஒரு பாத்திரம் நிறையப் பிடித்தால் நெடுநாள் வரும். நுளம்பு முட்டையிடாதபடி இறுக மூடி வைக்க வேண்டும்.

சவர்க்காரத்தின் உள்ளே என்ன இருக்கிறது?

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகும். எந்த எண்ணெய், எந்தக் காரம் என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது.

தேங்காயெண்ணெயிற் செய்த சவர்க்காரம் விரைவாக, பெரிய குமிழிகளாக நுரைக்கும். உவர்த் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கக் கூடியது அது. நன்னீர் அருமையான கப்பல்களிற் கடல்நீரிற் குளிப்பதற்கென்று மாலுமிகளுக்குத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் செய்யப்பட்டதும் இதனாலேயே. திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. அந்தக் கடற்படையில் 1869 முதல் ஒரு விதி உண்டு. தாடியும் மீசையும் சேர்த்து முழுமையாக வளர்க்கலாம். இல்லையேல் முழுவதும் வழிக்க வேண்டும். ஆகவே உப்புத் தண்ணீரும் சவரமும் இத்துறைமுகத்திற்குப் பழைய விடயங்களே. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையின் பின் கரையோரக் கிணறுகள் உவரான போது எமது மக்களும் இந்தச் சிரமத்தை அனுபவித்தனர்.

ஆனால் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்திற்கு ஒரு குறை உண்டு. அது தோலிலுள்ள இயற்கை எண்ணெயையும் அதிகமாகக் கழுவிவிடும். அதன் நுரையும் விரைவில் அடங்கிவிடும். எனவே அதை மட்டும் கொண்டு சவரம் செய்தால் தோல் வறண்டு இழுக்கும்.

சவரத்திற்கென்றே செய்யும் சவர்க்காரத்தில் ஸ்ரியரிக் அமிலம் எனும் கொழுப்பமிலம் முதன்மையானது. இது மாட்டுக் கொழுப்பிலும் பாம் எண்ணெயிலும் இருந்து பெறப்படுகிறது. இதன் நுரை சிறு குமிழிகளாக, தயிர் போலத் தடித்து, நெடுநேரம் காயாமல் நிற்கும். இதனுடன் சிறிது தேங்காயெண்ணெயும் சேர்ப்பார்கள். சோடியக் காரத்துடன் பொற்றாசியக் காரமும் சேர்ப்பதால் சவர்க்காரம் இலகுவிற் கரைகிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். செம்மறி ரோமத்தின் மெழுகான லனோலின் தோலின் மீது மெல்லிய படையாக நிற்கும். சவரத்தின் பின் தோல் மிருதுவாக இருப்பதற்கு இவை இரண்டும் பெரிதும் உதவுகின்றன.

கடையில் வாங்கும் போது உறையைப் படிக்கப் பழக வேண்டும். பொருட்களின் பட்டியலில் முதலில் வருவதே அளவிற் கூடியது. ஸ்ரியரிக் அமிலம் அல்லது பொற்றாசியம் ஸ்ரியரேற்று முன்னே இருந்து, கிளிசரினும் இருந்தால் அது நல்ல அறிகுறி. 'கோகோவேற்று' என்பது தேங்காயெண்ணெயையும், 'பாமேற்று' என்பது பாம் எண்ணெயையும், 'ரலோவேற்று' என்பது மாட்டுக் கொழுப்பையும் குறிக்கும். மாட்டுக் கொழுப்பை விலக்குவோர் இதைக் கவனிக்கலாம். மென்தோல் குளிர்ச்சி போன்ற உணர்வைத் தரும். ஆயினும் குளிர்ச்சி என்பது தோலுக்கு நன்மை செய்ததற்குச் சான்றாகாது.

உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை முகத்திற்குப் பாவிக்க வேண்டாம். துணியின் அழுக்கைப் போக்கச் சேர்க்கும் சோடா, சிலிக்கேற்று போன்றவை தோலுக்குக் கடுமையானவை. எரிசோடாவைக் கொண்டு வீட்டிற் சவர்க்காரம் செய்வதும் பயிற்சி இல்லாதவர்களுக்கு ஏற்றதல்ல. அளவு தவறினால் மிஞ்சும் காரம் தோலைப் பொசுக்கும். கண்ணிற் பட்டால் பார்வையே போகலாம்.

கையில் உள்ளதைக் கொண்டு

சவரச் சவர்க்காரம் வாங்க வசதி இல்லையெனின், வாசனை குறைந்த குளிக்கும் சவர்க்காரம் அல்லது குழந்தைச் சவர்க்காரத்தைச் சீவி ஒரு சிரட்டையில் இடுங்கள். மருந்துக் கடையிற் கிடைக்கும் கிளிசரினில் அரைத் தேக்கரண்டியும் சிறிது வெந்நீரும் சேர்த்துப் பிசைந்து அமர்த்தி வையுங்கள். தூரிகையாற் கலக்கினால், வெறும் கட்டியை முகத்தில் தேய்ப்பதை விட நல்ல நுரை கிடைக்கும்.

சவரத்திற்கு முன் இளஞ்சூடான தண்ணீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடங்கள் முகத்தில் வையுங்கள். இதற்காகக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகத் தேவையில்லை. தேநீருக்கு வைக்கும் கேத்தலில் மிஞ்சுவதை ஆற்றி எடுத்தாற் போதும். நனைந்த மயிர் மெதுவாகி இலகுவில் வெட்டுப்படும். மயிர் வளரும் திசையிலேயே வழியுங்கள். அழுத்த வேண்டாம்.

எந்தச் சவர்க்காரம் உங்களுக்குப் பொருந்தும் என்பதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு வாரத்திற்கு வலது கன்னத்திற்கு ஒன்றையும் இடது கன்னத்திற்கு மற்றொன்றையும் பாவியுங்கள். பிளேட்டும் தண்ணீரும் ஒன்றாகவே இருக்கட்டும். மாலையில் இரு கன்னங்களையும் தடவிப் பாருங்கள். விளம்பரத்தை விட உங்கள் கன்னம் சரியாகச் சொல்லும்.

சவரத்தின் பின் கசடு தங்காதபடி நன்றாகக் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீர் மிக நல்லது. தோல் காய்வதாக இருந்தால் இரண்டு துளி தேங்காயெண்ணெய் போதும். பரு அதிகம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்கலாம். சிறு வெட்டுக்குச் சீனக்காரத்தை நனைத்து வைத்தால் இரத்தம் நிற்கும். தேசிக்காய் தேய்க்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டாற் பொசுங்கிக் கறுத்துவிடும்.

ஒரே பிளேட்டைத் தகப்பனும் மகனும் மாறி மாறிப் பாவிப்பதும், ஒரே சீனக்காரக் கட்டியைப் பலர் முகத்தில் வைப்பதும் ஆபத்தானவை. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியின் மூலம் ஈரல் அழற்சி பி பரவக் கூடும். சலூனிலும் புதிய பிளேட் போடும்படி தயங்காமற் கேளுங்கள்.

ஆகவே கையிற் காசு குறைவாக இருந்தால் ஒழுங்கு இதுவாக இருக்கட்டும்: முதலில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பிளேட், இரண்டாவதாக நல்ல தண்ணீர், மூன்றாவதாகவே நல்ல சவர்க்காரம். இரண்டாவதை வானம் இலவசமாகத் தருகிறது. இந்த மாரிக்கு ஒரு பாத்திரத்தைக் கூரை ஓரத்தில் வையுங்கள்.