பெற்றோல் உட்பாய்ச்சியைப் பொருத்துதலும் கசிவைப் பரிசோதித்தலும்



கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் நோக்கி ஏறும் பழைய வான் ஒன்றின் பின்னால் நீங்கள் எப்போதாவது பயணித்திருப்பீர்கள். ஏற்றம் கூடக்கூட அதன் புகை கறுத்துக்கொண்டே வரும். வானில் பாரம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி நாம் சுவாசிக்கும் காற்றில் இருக்கிறது. கடல்மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபஸ்காலாக இருக்கும் வளிமண்டல அமுக்கம், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 81 கிலோபஸ்காலாகக் குறைந்துவிடுகிறது. அதாவது ஒரே கனவளவு காற்றில் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்களவு குறைவு. காபுரேற்றர் பொருத்திய எஞ்சினுக்கு இந்த வேறுபாடு சரியாகத் தெரியாது. கீழே தந்த அளவை ஒட்டியே மேலேயும் பெற்றோலைத் தருகிறது. எரியாத மிகுதி கரும்புகையாக வெளியேறுகிறது.

1 பங்கு பெற்றோலை முழுமையாக எரிக்கத் திணிவின்படி ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். உட்பாய்ச்சி முறையில் இந்த விகிதத்தைக் காப்பது மின்னணுக் கட்டுப்பாட்டு அலகின் வேலை. காற்றின் அளவை உணரிகள் அறிவிக்க, அலகு கணக்கிட்டு, உட்பாய்ச்சியை எத்தனை மில்லிசெக்கன் திறந்திருக்கச் செய்ய வேண்டும் எனத் தீர்மானிக்கிறது. உட்பாய்ச்சி என்பது மின்காந்தச் சுருளால் திறக்கப்படும் ஒரு சிறிய வால்வு, அவ்வளவுதான். மின் வந்தால் ஊசி உயரும். பெற்றோல் நுண்துளிகளாக விசிறப்படும். மின் நின்றால் வில்சுருள் ஊசியை மூடிவிடும். 1967 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் வொக்ஸ்வேகன் கார்களுக்காக இத்தகைய மின்னணு முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கராஜ்களில் இதை எவரும் உட்பாய்ச்சி என்று சொல்வதில்லை, 'இன்ஜெக்டர்' என்பார்கள். விடைத்தாளில் நீங்கள் உட்பாய்ச்சி என்றே எழுதுங்கள்.

இனிப் பொருத்தும் முறைக்கு வருவோம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அடுத்து, குழாயினுள் எஞ்சியுள்ள அமுக்கத்தை அகற்ற வேண்டும். பெற்றோல் பம்பியின் உருகியைக் கழற்றிவிட்டு எஞ்சினை இயக்கினால், குழாயில் மீதமுள்ள பெற்றோல் எரிந்து எஞ்சின் தானாக நின்றுவிடும். அதன் பின்பே பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுக. இவ்வளவு செய்தாலும் குழாயில் சிறிது பெற்றோல் மிஞ்சும். ஆகையால் மூட்டைச் சுற்றித் துணியை வைத்துக்கொண்டே தளர்த்த வேண்டும்.

இந்த இடத்தில் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இந்தக் குளிரில் பெற்றோல் எங்கே பற்றப் போகிறது, சேர்?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் விடை அச்சமூட்டுவது. பெற்றோல் தீப்பற்றத்தக்க அளவு ஆவியை வெளிவிடும் மிகக் குறைந்த வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலாகும். நுவரெலியாவில் உறைபனி விழும் தை மாத விடியற்காலைகூடப் பெற்றோலுக்குக் கடும் வெயில்தான். குளிர் நம்மை வேறொரு வகையிலும் ஏமாற்றுகிறது. மழைக்கும் காற்றுக்கும் பயந்து கதவை அடைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, குழியில் தேங்கி, மூலையில் தேநீருக்காக மூட்டிய அடுப்புவரை போய்ச் சேரும். எனவே கதவைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணையுங்கள். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெற்றோல் தீயின் மேல் நீரை ஊற்றக் கூடாது. பெற்றோல் நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

உட்பாய்ச்சியைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள தூசியைத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துணிக்கை ஊசியின் இருக்கையில் சிக்கினால் வால்வு முழுமையாக மூடாது. பெரும்பாலான உட்பாய்ச்சிகளில் இரண்டு றப்பர் வளையங்கள் உண்டு. மேல் வளையம் பெற்றோல் வெளியே கசியாமல் காக்கிறது. கீழ் வளையமோ அல்லது அதற்குரிய அடைப்போ, வெளிக்காற்று உட்செல்லாமல் காக்கிறது. பழைய வளையங்களை மறுபடி பயன்படுத்தவே கூடாது. வெப்பத்தில் அவை இறுகித் தட்டையாகிவிட்டிருக்கும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. கலைப் பட்டதாரியான எனக்கு எஞ்சின் மீது அக்கறை வந்ததே இதனால்தான். என் சித்தப்பா பாடசாலை வான் ஓட்டியவர். ஒருமுறை உட்பாய்ச்சிகளைக் கழற்றிச் சுத்தம் செய்தவர்கள் பழைய வளையங்களையே துடைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை, "மாமா, பெற்றோல் மணக்குது" என்றாள் முன்னாலிருந்த சிறுமி. சித்தப்பா உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, பிள்ளைகள் எல்லோரையும் இறக்கித் தூரமாக நிற்கவைத்த பின்பே இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். அந்த வகை வான்களில் எஞ்சின் முன் இருக்கையின் கீழ்தான் இருக்கும். மூன்றாவது உட்பாய்ச்சியின் தலை நனைந்திருந்தது. எஞ்சின் சூடாகவும் இருந்தது.

புதிய வளையத்தில் சுத்தமான எஞ்சின் எண்ணெயை மெல்லிதாகப் பூசுக. கிறீஸ், சிலிக்கன் பசை ஆகியன வேண்டாம். உலர்ந்த வளையம் செருகும்போது முறுக்கி அறுந்துவிடும். உட்பாய்ச்சியைச் சற்றுத் திருப்பியவாறு நேராக அழுத்துக. சுத்தியலால் தட்டக் கூடாது. எரிபொருட் குழாயைப் பொருத்திய பின், வட்டமான வளையங்களையுடைய பல எஞ்சின்களில் உட்பாய்ச்சியை விரல்களால் சுழற்றிப் பார்க்கலாம். இலகுவாகச் சுழன்றால் வளையம் சரியாக அமர்ந்திருக்கிறது. இறுக்கமாக இருந்தால் வளையம் மடிந்திருக்கக்கூடும், கழற்றி மாற்றுக. புரியாணிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக, தயாரிப்பாளரின் கைந்நூல் கூறும் அளவுக்கு முடுக்க வேண்டும்.

கசிவைப் பரிசோதிக்கும் முன் எஞ்சினை இயக்கிவிடாதீர்கள். பலர் புள்ளியை இழப்பது இங்கேதான். உருகியையும் பற்றரியையும் இணைத்துச் சாவியை 'ஒன்' நிலைக்கு மட்டும் திருப்புக. பம்பி ஓரிரு செக்கன்கள் ஓடி நிற்கும். இவ்வாறு மூன்று நான்கு தடவை செய்தால் குழாயில் அமுக்கம் ஏறும். பெரும்பாலான வாகனங்களில் இது 300 கிலோபஸ்கால் அளவில் இருக்கும். இப்போது டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூட்டையும் பார்த்து, வெள்ளைக் கடதாசியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடதாசி நனைந்தால் கசிவு. உலர்ந்திருந்தால் மாத்திரமே எஞ்சினை இயக்கி, மீண்டும் பார்க்க வேண்டும். சூடேறி அணைத்த பின்பும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வெளியே தெரியாத கசிவும் உண்டு. ஊசி சரியாக மூடாவிடில் பெற்றோல் எஞ்சினுக்குள்ளேயே சொட்டும். எண்ணெய் பார்க்கும் கம்பியில் பெற்றோல் மணப்பதும், எண்ணெய் மட்டம் காரணமின்றி உயர்வதும் இதன் அடையாளங்களாக இருக்கலாம். கீழ் வளையத்தில் காற்றுக் கசிந்தாலோ புகை கறுக்காது. ஓய்வோட்டத்தில் எஞ்சின் ஏறியிறங்கும்.

மேலே சொன்னவை பெற்றோல் எஞ்சினின் உள்ளெடுப்புக் குழாயில் விசிறும் உட்பாய்ச்சிகளுக்கு உரியவை. புதிய டீசல் வாகனங்களின் பொதுக்குழாய் முறையில் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் 1000 மடங்கையும் தாண்டும். ஓடும் எஞ்சினில் கசிவைக் கையால் தடவித் தேடினால் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிய புள்ளியாகத் தெரியும், முதலில் வலியும் குறைவாக இருக்கலாம். ஆயினும் அது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய, சத்திரசிகிச்சை தேவைப்படக்கூடிய காயம்.

மாதிரி வினா: ஒரு பெற்றோல் கார் காலையில் இலகுவாக இயங்குகிறது. தலவாக்கலையில் பத்து நிமிடம் நிறுத்திய பின் இயக்கச் சிரமப்படுகிறது; இயங்கியதும் கரும்புகை வருகிறது. வெளியே ஈரம் இல்லை. கழற்றிப் பார்த்தால் ஒரு பிளக் மட்டும் நனைந்திருக்கிறது. காரணம் யாது?

விடை: அந்த உருளைக்குரிய உட்பாய்ச்சியின் ஊசி முழுமையாக மூடவில்லை. எஞ்சினை நிறுத்திய பின்பும் குழாயிலுள்ள அமுக்கத்தால் பெற்றோல் உள்ளே சொட்டி, கலவை மிகச் செறிவடைந்துள்ளது. றப்பர் வளையத்தை மாற்றுவதால் இக்குறை தீராது. உட்பாய்ச்சியையே சுத்தம் செய்து பரிசோதிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.